உழைத்த உடம்புக்கு என்ன கொடுக்கிறோம்?

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சர்க்கரை ஏறி வருபவர்களிடம் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நாள் பூரா மாடா உழைக்கிறேன் மேடம். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்குது." துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கு, வரிசையில் காத்துக் கிடந்து வெளியே வந்ததும் பரோட்டா சால்னா. எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்பவருக்குப் பத்து மணிப் பிரியாணி, கூடவே ஒரு கூல்டிரிங்ஸ்.

"வாயைக் கட்டுங்க" என்று நான் சொல்வதில்லை. உழைத்தவர் தனக்கென்று ஒன்று கேட்பது நியாயம்தானே? உடம்பு கேட்பது ஒன்று, நாம் கொடுப்பது வேறொன்று. சிக்கல் அங்கேதான்.

அந்தத் துணிக்கடை அக்காவிடம், "சாப்பிடும்போது எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலை நீட்டி உட்காருவேன் மேடம். அப்பாடான்னு இருக்கும்" என்றார். பிரியாணியின் ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலையிலிருந்து நின்ற கால் அது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. "கடையில ஸ்டூல் இருக்கா?" என்றால் சிரிக்கிறார்கள்.

அவருக்குச் சொன்னது இரண்டுதான். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுக்கும் நடுவே, ஆறு மணி வாக்கில் ஒரு கிண்ணம் சுண்டல். காலிவயிற்றோடு போனால் எப்போதும் பிரியாணிதான் ஜெயிக்கும். அடுத்தது, வீட்டுக்குப் போனதும் அடுப்படிக்குப் போகாமல் கால் மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பது. "வெந்நீர்ல கால் வெச்சா சுகமா இருக்குமே?" என்றார். வேண்டாம் என்றேன். சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பிரியாணி இப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம், பிள்ளைகளோடு.

கூல்டிரிங்ஸில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கால் லிட்டர் கோலாவில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் அந்த 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, டீயில் போடுவதையும் சேர்த்து.

இன்னொன்று. ஆசை தட்டைப் பார்த்த பிறகு வருவதில்லை, அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். முதலில் சாறு கிடைத்தபோது துள்ளிய செல்கள், பழகிய பிறகு சாறு வரப்போகிறது என்ற அறிகுறிக்கே துள்ளின. இங்கே தம் உடைக்கும் வாசனைதான் அந்த அறிகுறி. கடை வாசலில் நின்று மனசோடு மல்லுக்கட்டுவதைவிட, வண்டியை அடுத்த தெருவில் திருப்புவது சுலபம். "மாசக் கடைசியில ஒரு புடவை எடுத்துக்கறேன்" என்ற ஏற்பாடும் எடுபடாது. பத்து மணி ஆசைக்குப் பத்து மணிக்கே ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

அது ஆளைப் பொறுத்தது. வீட்டில் சத்தம் தாங்காதவருக்கு மொட்டைமாடியில் பாட்டு. லாரியில் தனியாகவே கிடந்தவருக்கு அதே மொட்டைமாடி தண்டனை, அவருக்கு ஆட்கள் வேண்டும். அப்படி ஒரு அண்ணனைத் தெருக்கோடி கேரம் போர்டுக்கு அனுப்பினேன். நம் பக்கத்தில் கேரம் போர்டுக்கா பஞ்சம்? 2024 கேரம் உலகக் கோப்பையில் பட்டம் வென்ற காசிமாவே புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். போர்டைச் சுற்றி நிற்கும்போது நொறுக்குத் தீனி கைக்கு வரத்தான் செய்யும், ஆனாலும் ஒரு தட்டு பரோட்டா அளவுக்குப் போகாது.

அந்த 'எனக்குன்னு ஒண்ணு' தினமும் டாஸ்மாக்கில் என்றால் கதை வேறு. காலையில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது என்றால் நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. ஸ்டான்லி மாதிரியான அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தோடு படிப்படியாக நிறுத்த அவர்கள் உதவுவார்கள்.