மூக்கை நம்பக்கூடாத வாயு: டைபோரேன்

ஈத்தேன் வாயுவை அடுப்பெரிக்கும் எரிவாயுவின் தூரத்துச் சொந்தம் எனலாம், சாதுவானது. அதில் கார்பன் இருக்கும் இரண்டு இடங்களிலும் போரானை வைத்தால் கிடைப்பது டைபோரேன். இரண்டு போரான், ஆறு ஹைட்ரஜன். வாய்பாட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு, ஆனால் எலக்ட்ரான் கணக்கு இடிக்கும்.

ஈத்தேனின் ஏழு பிணைப்புகளுக்கு 14 எலக்ட்ரான் தேவை, 14 இருக்கிறது. போரானுக்கு வெளிக்கூட்டில் மூன்றே எலக்ட்ரான் என்பதால் டைபோரேனில் மொத்தம் 12தான் தேறும். ஆகவே நான்கு ஹைட்ரஜன்கள் வழக்கம்போல் ஓரங்களில் ஒட்டிக்கொள்ள, மீதி இரண்டும் போரான்களுக்கு நடுவே பாலமாக நிற்கின்றன. ஒவ்வொரு பாலத்திலும் மூன்று அணுக்களுக்கு ஒரே எலக்ட்ரான் ஜோடி. ஓரப் பிணைப்பின் நீளம் 1.19 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), பாலப் பிணைப்பு 1.33, நீண்டது, பலவீனமானது. 1943இல் இந்த வடிவத்தை விளக்கிய லாங்கெட்-ஹிக்கின்ஸ் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்.

எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ள மூலக்கூறு, எலக்ட்ரான் கொடுப்பவர் எவரையும் விடாது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் அடங்கிய சேர்மங்களைத் தேடிப் பிடிக்கும். தண்ணீரைத் தொட்டதும் போரிக் அமிலமும் ஹைட்ரஜனும் ஆகிவிடும்: ஒரு லிட்டர் டைபோரேனுக்கு ஆறு லிட்டர் ஹைட்ரஜன். ஒரு தீ ஆபத்து இன்னொன்றாக மாறுகிறது, அவ்வளவே.

காற்றில் 0.8 முதல் 88 சதவீதம் வரை எந்தக் கலவையும் பற்றும். தானே தீப்பிடிக்கும் வெப்பநிலை சுமார் 38 முதல் 52 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலே போதும். ஈரக்காற்றில் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கலாம். சுடர் பச்சை. ஹாலான் போன்ற ஹாலஜன் தீயணைப்பான்களை எடுக்கவே கூடாது, அவற்றுடன் கடுமையாக வினைபுரியும். வாயு வரத்தை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைப்பதும் தப்பு: எரியாத வாயு தேங்கிப் பிறகு வெடிக்கும்.

சிலிக்கானில் போரானைக் கலந்து பி-வகைக் குறைகடத்தி (எலக்ட்ரான் பற்றாக்குறையால் மின்சாரம் கடத்தும் சிப் பொருள்) ஆக்குவதற்கு இந்த வாயு இன்றும் தேவை. பெரும்பாலும் ஹைட்ரஜன், நைட்ரஜன் அல்லது ஆர்கானில் நீர்த்த கலவையாகவே சிப் ஆலைக்கு வருகிறது. இங்கே பலர் கவனிக்கத் தவறுவது சிலிண்டரின் வயது. டைபோரேன் மூடிய சிலிண்டருக்குள்ளும் மெல்லச் சிதைந்து ஹைட்ரஜனும் பெரிய போரேன்களும் (போரான்-ஹைட்ரஜன் சேர்மங்கள்) ஆகும். லேபிளில் இருக்கும் செறிவு மூன்று மாதம் கழித்து உள்ளே இருக்காது. சிலிக்கான் படலத்தின் மின்தடை காரணம் தெரியாமல் எதிர்பார்த்த அளவிலிருந்து விலகும். டெக்காபோரேன் போன்ற திடப்பொருள் ரெகுலேட்டரில் படிந்து அடைக்கும், அதுவும் நச்சு. தூய டைபோரேனை உலர்பனியில் (திட கார்பன் டை ஆக்சைடு) குளிராக வைத்து அனுப்புவது இதனால்தான். ஹைட்ரஜனில் நீர்த்தால் சிதைவு தாமதமாகும், ஏனென்றால் சிதைவில் வெளிவருவதே ஹைட்ரஜன்தான்.

சிலிண்டர் எப்போதும் காற்று உறிஞ்சும் அலமாரிக்குள் நிற்க வேண்டும். வால்வின் வாயிலேயே கால் மில்லிமீட்டர் அளவுள்ள தடுப்புத் துளை இருந்தால், குழாய் உடைந்தாலும் கசிவு கட்டுக்குள் நிற்கும். சிலிண்டரை மாற்றும் முன்பும் பின்பும், குழாயை உலர்ந்த நைட்ரஜனால் நிரப்பி வெற்றிடமாக்குவதைப் பல சுற்று செய்ய வேண்டும். முன்பு செய்வது மிச்ச டைபோரேனை வெளியேற்ற, பின்பு செய்வது புகுந்த ஈரத்தை வெளியேற்ற. இரண்டாவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வெளியேறும் வாயுவை எரித்துக் கழுவும்போது போரான் ஆக்சைடு வெள்ளைப் பொடியாகக் குழாயில் சேரும். அதைக் குறித்த காலத்தில் சுரண்டி எடுக்காவிட்டால் அடைப்பும் எதிரழுத்தமும் வரும்.

இனி மூக்கின் கதை. டைபோரேனுக்கு ஒரு குமட்டும் இனிப்பு வாசனை உண்டு. மூக்குக்கு எட்டும் அளவு சுமார் 2 முதல் 4 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 2 முதல் 4 பங்கு). எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 பிபிஎம். வாசனை தெரிந்தால் வரம்பை இருபது மடங்காவது தாண்டியாயிற்று. பத்து மீட்டருக்குப் பத்து, உயரம் மூன்று மீட்டர் உள்ள அறையில் அந்த வரம்பை எட்ட 34 மில்லிகிராம் போதும். 15 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து. எனவே கசிவைக் காட்டும் வேலையை உணரிகளிடம்தான் விட வேண்டும்.

சுவாசித்தவருக்கு இருமலும் நெஞ்சு இறுக்கமும் வரும். லேசாகத் தெரிந்தாலும் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் தாமதமாகலாம். நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவமனையில் ஒரு நாளாவது கண்காணிப்பில் வைப்பது அதற்காகத்தான்.