காற்றை ஆளத் தெரிந்த கெப்

பஞ்சிகாவத்தையில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தால், பொறுமை உள்ளவர் ஒரு வாகனத்தையே ஆணி ஆணியாகச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தோன்றும். ஸ்பிரிங் தட்டுகளும் கழற்றிய கியர்பெட்டிகளும் பாதி எஞ்சின்களும் கடைவாசல்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை கொழும்பின் பழைய கெப் வாகனங்களுக்கு உயிர் கொடுத்தவை இத்தகைய கடைகள்தான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் டீசல் டபள் கெப்பும் அப்படிப் பிழைத்த ஒன்று.

அதைக் காட்டுப்பாதைக்கும் மணல்வெளிக்கும் தயார்செய்ய வேண்டும் என்று கடைகளில் கேட்டபோது எனக்குக் காட்டப்பட்டவை இரும்பு பம்பர், கூரை விளக்கு, உடலை உயர்த்தும் கிட் ஆகியவை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருட்கள். ஆனால் வீட்டிலேயே சாவிகளை வைத்துக்கொண்டு ஒருவர் செய்யக்கூடிய மேம்பாடுகளில் மிகுந்த பலன் தருபவை கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியவை. அது காற்று. டயருக்குள் இருக்கும் காற்று, பின்சக்கரங்களை இணைக்கும் அச்சின் இரும்புக் கூட்டுக்குள் அடைபட்ட காற்று, எஞ்சின் இழுக்கும் காற்று. இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் வாகனம் எங்கே நிற்கும், எங்கே போகும் என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதல் பாடத்தை எனக்குத் தந்தவர் கற்பிட்டிக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். கெப் பின்சக்கரங்களின் பாதிவரை மணலில் புதைந்து நின்றது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டும் பயனில்லை. மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. வலை இழுக்கும் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டி இழுப்பார் என்று நினைத்தேன். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, டயரில் பாதிக் காற்றை இறக்குங்கள். இழுக்கத் தேவையில்லை" என்றார். நான்கு டயர்களிலும் வால்வை அழுத்திப் பிடித்துக் காற்றை இறக்கினேன். சக்கரங்களுக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வாரிவிட்டு, முதல் கியரில் மெல்ல எடுத்தேன். கெப் ஏறி வந்துவிட்டது.

அது ஏன் என்பதை ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடும். இரண்டு தொன் எடையுள்ள வாகனத்தில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 500 கிலோவை, அதாவது ஏறக்குறைய 1,100 இறாத்தலைத் தாங்குகிறது. எரிபொருள் நிலையத்தில் பிஎஸ்ஐ என்று சொல்வது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்பதைத்தான். 35 பிஎஸ்ஐ காற்று இருந்தால் 1,100 ஐ 35 ஆல் வகுக்க, டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 31 சதுர அங்குலம். விரல்களோடு சேர்த்து ஒரு கையை ஊன்றும் அளவு இடம். காற்றை 16 க்கு இறக்கினால் அதே எடைக்கு ஏறக்குறைய 69 சதுர அங்குலம் வேண்டும். டயரின் பக்கச் சுவரும் ஓரளவு எடையைச் சுமப்பதால் உண்மையான அளவு சற்று மாறும். ஆனால் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதுதான் முக்கியம்.

அந்தப் பரப்பு கூடும் விதமும் கவனிக்கத்தக்கது. டயர் பெரும்பாலும் அகலத்தில் விரிவதில்லை, நீளத்தில்தான் விரிகிறது. புல்டோசரின் சங்கிலித் தடம்போல முன்னும் பின்னுமாக நீளும். உலர்ந்த மணலை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது மணிகளுக்கு இடையேயான உராய்வு மட்டுமே. கடினமான டயர் தன் எடையைச் சிறிய இடத்தில் குவிக்கும்போது மணிகள் பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிடுகின்றன. சக்கரம் இறங்குகிறது. இறங்கியபின் அதற்கு முன்னால் எப்போதும் ஒரு மணற்சுவர் நிற்கும். சமதரையில் போவதுபோல நமக்குத் தெரிந்தாலும் சக்கரம் இடைவிடாமல் மேடு ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழன்று மணிகளைப் பின்னால் வீசும். அதன்பிறகு அது தோண்டும் கருவி, உருளும் கருவி அல்ல.

மணலுக்கு 16 முதல் 18, கல்லும் குழியுமான காட்டுப்பாதைக்கு 25 அளவில் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 15 க்குக் கீழே இறக்கித் திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் வீதிக்கு ஏறியதும் கட்டாயம் திரும்ப நிரப்ப வேண்டும். நடுத்தர அளவு கெப் டயர் ஒன்றின் சுற்றளவு சுமார் 2.4 மீற்றர். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் அது விநாடிக்கு ஒன்பது தடவைக்கு மேல் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்த பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது. மடக்கச் செலவான ஆற்றலை இறப்பர் முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. அந்த வெப்பம் சேர்ந்து சேர்ந்துதான் டயர் வெடிக்கிறது.

இறப்பர் என்று சொல்லும்போது கம்பஹாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதைகள் முளைத்து, அந்தக் கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு வந்து ஊன்றப்பட்ட இடம் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்கா. காற்று நிரப்பிய டயருக்கு டன்லொப் காப்புரிமை பெற்றது 1888 இல். மரம் டயருக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே இங்கே காத்திருந்திருக்கிறது.

மணலில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல, அதே அச்சிலுள்ள மற்றது அசையாமல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதற்குக் காரணம் டிஃபரென்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும் என்பதற்காக இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி அது. தராசுக் கோல்போல இரு பக்கமும் சமமான முறுக்கு விசையையே கொடுக்கும். சேற்றில் நிற்கும் சக்கரம் எதையும் பற்ற முடியாமல் இலேசாகச் சுழன்றால், மறுபக்கம் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே இலேசான விசைதான் போகும். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு டிஃபரென்ஷியல் இதற்கு முழுமையான தீர்வு. ஆனால் பற்களின் இடைவெளியைச் சரியாக அமைக்க வேண்டிய வேலை அது. வீட்டு வாசலில் செய்யக் கூடாது, நல்ல கராஜில் விடுங்கள். செலவில்லாத வழி ஒன்று உண்டு: கைபிரேக் பின்சக்கரங்களில் பிடிக்கும் வாகனமாக இருந்தால், அதை இரண்டு மூன்று பல் இழுத்துக்கொண்டு மெல்ல மிதிக்க வேண்டும். சுழலும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கிறது. அந்தத் தடையை வெல்லத் தேவையான அளவு விசை மறுபக்கமும் போய்ச் சேர்கிறது.

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் வேலை. இதற்குக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. களனி கங்கை பெருகும்போது கொலன்னாவை, கடுவலைப் பக்கங்களில் வீதிக்கே தண்ணீர் வந்துவிடுகிறது. 2016 மே மாத வெள்ளத்தைக் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாளில் உறவினர் ஒருவரை அழைத்துவர, நீண்ட தூரம் ஓடிச் சூடாக இருந்த கெப்பை அச்சு மூழ்கும் தண்ணீரில் இறக்கினேன். எஞ்சின் நிற்கவில்லை. எல்லாம் நலம் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பின்னச்சில் ஒரு முனகல் ஒலி கேட்டது. அடியிலுள்ள ஆணியைக் கழற்றினால், தேன் நிறத்தில் வரவேண்டிய கியர் ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. பேரிங்குகளில் துரு ஏறியிருந்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? ஓடும் அச்சுக் கூடு 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறக்கூடியது. உள்ளே ஒயிலுக்கு மேலே இருக்கும் காற்று விரிந்து வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அச்சின் முனைகளை அடைக்கும் இறப்பர் வளையங்களான சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒயில் கசியும். அதற்காகக் கூட்டின் மேற்புறத்தில் பிரீதர் என்ற சிறு மூச்சுக்குழல் இருக்கிறது. சூடான கூடு குளிர்ந்த நீரில் இறங்கியதும் காற்று சுருங்குகிறது. 80 பாகையிலிருந்து 30 பாகைக்குக் குளிர்ந்தால், கெல்வின் அளவில் 353 இலிருந்து 303 க்கு இறங்கினால், அது ஏழில் ஒரு பங்கு சுருங்கும். மூன்று லீற்றர் காற்றுக்கு ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் வெற்றிடம். அதை நிரப்ப எதையாவது இழுக்க வேண்டும். பிரீதரின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். பிரீதர் வெளிவிடும் வால்வாக மட்டும் இருந்தாலோ, சேற்றால் அடைத்திருந்தாலோ நிலை இன்னும் மோசம். உள்ளே ஏற்படும் இழுவை ஒன்றரை மீற்றர் ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமமாகலாம். ஒயிலை உள்ளே தடுத்து வைப்பதற்காகச் செய்த சீல், வெளியிலிருந்து இப்படித் தள்ளும் நீரை எதிர்க்கும்படி அமைக்கப்படவில்லை. ஒயில் மெதுவாகத்தான் ஆறும் என்பதால் முழுச் சுருக்கமும் உடனே நடக்காது. பாதி நடந்தாலே கேடுதான்.

தீர்வு எளியது. பழைய பிரீதரைக் கழற்றிவிட்டு, அதே மரை கொண்ட குழாய் நிப்பிளைப் பொருத்தி, ஒயிலைத் தாங்கும் 8 மில்லிமீற்றர் இறப்பர்க் குழாயை மாட்டி, மேலே கொண்டுபோய்ப் பின்விளக்குக்கு உட்புறமோ எரிபொருள் மூடிக்கு அருகிலோ முடிக்க வேண்டும். நுனியில் ஒரு சிறு எரிபொருள் வடிகட்டி போட்டால் தூசி போகாது. வாகனம் குழியில் இறங்கும்போது அச்சு நன்றாகத் தாழும். ஆகவே குழாயை இறுக்கிக் கட்டாமல் ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். புகைக்குழாய்க்கு அருகே கொண்டுபோகாதீர்கள். முன்னச்சுக்கும் கியர்பெட்டிக்கும் தனித்தனி மூச்சுக்குழல்கள் உண்டு, அவற்றையும் நீட்டலாம். ஒரு காலைப்பொழுது வேலை. சுருங்கும் காற்று இப்போதும் இழுக்கும், ஆனால் மேலிருந்து காற்றையே இழுக்கும்.

மூன்றாவது, எஞ்சினின் மூச்சு. டீசல் எஞ்சின் காற்றை நசுக்கிச் சூடாக்கித்தான் எரிபொருளைப் பற்றவைக்கிறது. 2.5 லீற்றர், நான்கு சிலிண்டர், 18 க்கு 1 நசுக்கம் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 37 மில்லிலீற்றர். இரண்டரை மேசைக்கரண்டி. அதைவிட அதிகமான தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் நடுவழியில் சுவரில் மோதியதுபோல நிற்கும், அதைத் தாங்கும் தண்டு வளையும். காற்று எடுக்கும் வாயைக் கூரைமட்டத்துக்கு உயர்த்தும் ஸ்நோர்கலின் பயன் இதுதான்.

ஆனால் ஸ்நோர்கலைப் பூட்டுபவர்களில் பலர் இணைப்புகளைக் கவனிப்பதில்லை. மட்கார்டுக்கு உள்ளே ஒரு மூட்டு பிளந்திருந்தால், உயர்ந்த குழாய் அலங்காரம் மட்டுமே. வடிகட்டிப் பெட்டியின் அடியிலுள்ள நீர் வடியும் துளையையும் பாருங்கள். வேலை முடிந்ததும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, ஸ்நோர்கலின் வாயை ஒரு தட்டையான பலகையால் மூடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் அது வேறெங்கோ மூச்சு விடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் வரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

அடைத்த பிறகும் ஓடும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். கெப்பின் அடிப்பரப்பு ஏறக்குறைய ஒன்பது சதுர மீற்றர். தளத்துக்கு மேலே தண்ணீர் ஏறும் ஒவ்வொரு பத்து சென்ரிமீற்றருக்கும், உள்ளே நீர் புகாதவரை, 900 கிலோ அளவில் மேல்நோக்கிய உந்தல் பிறக்கலாம். இருபது சென்ரிமீற்றரில் இரண்டு தொன் வாகனம் கிட்டத்தட்ட எடையற்றதாகிவிடும். தரையை அழுத்தாத டயருக்குப் பிடிப்பு இல்லை. பக்கவாட்டில் வரும் ஓட்டம் அதைக் கொண்டுபோய்விடும். உடலை உயர்த்தும் கிட் இதைச் சற்றுத் தள்ளிப்போடும். ஆனால் ஈர்ப்பு மையத்தையும் உயர்த்தி, ஒவ்வொரு வளைவிலும் கவிழும் ஆபத்தைக் கூட்டும். நான் அதைச் செய்யவில்லை.

நான் பணம் கொடுத்து வாங்கியது ஒரு 12 வோல்ட் கொம்பிரசர். அது 20 அம்பியர் அளவில் மின்சாரம் இழுக்கும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் ஃபியூஸ் போகும். மெல்லிய வயர் போட்டால் வயர் சூடாகி, மோட்டாருக்குப் போய்ச்சேரும் வோல்ட் குறையும். பற்றரி முனையிலிருந்தே தடித்த வயர் எடுத்து, பற்றரிக்கு அருகில் ஒரு ஃபியூஸ் வைத்தேன். எஞ்சினை ஓடவிட்டுத்தான் காற்று அடிக்கிறேன். கற்பிட்டியிலிருந்து திரும்பும்போது, பாலாவிச் சந்திக்குப் போகும் தார் வீதியில் ஏறும் இடத்தில் நிறுத்தி, நான்கு டயர்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பேன். முள் 35 ஐத் தொட்டதும் மூடியைத் திருகிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போவேன்.