நோட்டீஸை வாங்குங்கள், பதில் எழுதுங்கள்

அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு என்று வீட்டை இடிக்க ஜேசிபி தெருமுனையில் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கு போன் வருகிறது. "சார், நோட்டீஸே தரவில்லை." கொஞ்சம் விசாரித்தால் உண்மை வெளியே வரும்: தந்தார்கள், இவர்கள் வாங்கவில்லை. வாங்கினால் ஆக்கிரமிப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன வாரமும் இப்படி ஒரு குடும்பம்.

நோட்டீஸ் வாங்குவதால் எதையும் ஒத்துக்கொண்டதாகாது. மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், அது சேர்ந்ததாகவே கணக்கு. பதில் சொல்லக் கிடைத்த அவகாசம்தான் வீணாகும்.

தமிழ்நாட்டில் இதற்கு முக்கியமாக இருப்பது 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். முதலில் 7-வது பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், அப்புறம்தான் 6-வது பிரிவில் வெளியேற்றும் உத்தரவு. எண் தலைகீழாக இருந்தாலும் நடைமுறை அதுதான். 7 இல்லாமல் நேராக 6 வந்தால், அரசின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட அதுவே வலுவான காரணம். நடைபாதைக் குடிசைகளைக்கூடப் பொதுவாக முன்னறிவிப்பு தந்தே அகற்ற வேண்டும் என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1985-லேயே சொல்லிவிட்டது.

அடுத்தது, "பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டோம், இடம் எங்களுக்குத்தான்" என்ற பேச்சு. பன்னிரண்டு வருடக் கணக்கு தனியார் நிலத்துக்கு. அரசுக்கு எதிராக 30 வருடம். அதுவும் சும்மா குடியிருந்தால் போதாது, சொந்தக்காரன் என்று வெளிப்படையாக உரிமை கொண்டாடி இருந்திருக்க வேண்டும். இங்கேதான் பி மெமோவைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஐயா, பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்கு விதிக்கும் தண்டத் தீர்வை. அதைக் கட்டி வந்தால் நிலம் அரசுடையது என்று நீங்களே ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். பட்டா கேட்டு மனு போட அவை உதவலாம், பட்டா ஆகிவிடாது.

2024 நவம்பரில் புல்டோசர் இடிப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன 15 நாள் நோட்டீஸ் எல்லோருக்கும் உண்டு என்றும் நம்ப வேண்டாம். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலைகளில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்தத் தீர்ப்பே விலக்கு தந்திருக்கிறது. அதனால் முதலில் அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலங்களைப் பதிந்து வைத்திருக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டில், உங்கள் சர்வே எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கிராம நத்தம், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம், என்றிருந்தால் வழக்கே வேறு, உடனே வக்கீலைப் பாருங்கள். ஏரி, ஓடை என்றிருந்தால் வீட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம். மாற்று இடம் கேட்டு மனு கொடுப்பதை அன்றைக்கே தொடங்குங்கள்.

நோட்டீஸ் வந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். கெடுவுக்குள் பதிலை எழுத்தில் கொடுங்கள், வெள்ளைத்தாளில் கைப்பட எழுதினாலும் சரி. நகலில் தாலுகா ஆபீஸ் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். சர்வே எல்லையில் சந்தேகம் இருந்தால் அளந்து காட்டக் கேட்டு அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். தாசில்தார் உத்தரவு பாதகமாக வந்தால் 10-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு, கூடவே தடை உத்தரவும் கேளுங்கள். வாயால் "பார்த்துக்கலாம்" என்று சொல்லும் எந்த அதிகாரியையும், எந்தக் கட்சிக்காரரையும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தயவுசெய்து அந்தக் காகிதத்தை அன்றே கொண்டு வாருங்கள். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே வக்கீல் தருவார்கள்.