பி.டி.எஃப். கோப்பில் திறக்க மறுக்கும் இணைப்புகள்

தைப்பூசக் கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எனக்குப் பழக்கமான ஒரு கோயில் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். காவடி எடுப்போர் பெயர் பதிவு செய்வதற்கான அறிவிப்பைப் பிரெஞ்சிலும் தமிழிலும் தயாரித்து, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிட்டிருந்தார். அதில் இரண்டு இணைப்புகள். கீழே முழுதாக எழுதியிருந்த இணைய முகவரி அவருடைய குரோமில் திறந்தது. மேலே நீல நிறத்தில் இருந்த ‘இங்கே பதிவு செய்யவும்’ என்பது அசையவில்லை. பயர்பாக்ஸின் பழைய பதிப்பு வைத்திருக்கும் அவருடைய மருமகளுக்கோ இரண்டுமே திறக்கவில்லை. “பிரவுசரில்தான் ஏதோ கோளாறு, தம்பி” என்றார். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் பல ஆண்டுகளாகச் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஆவணங்கள் தயாரித்துக் கொடுத்துவருகிற நான், இந்தப் பேச்சை ஆண்டுக்குப் பத்து முறையாவது கேட்கிறேன். பெரும்பாலும் பிரவுசர் மேல் பழி இல்லை.

பி.டி.எஃப். கோப்பில் எழுத்து வேறு, இணைப்பு வேறு. நாம் காணும் நீல எழுத்தும் அடிக்கோடும் தாளில் பூசிய மையைப் போன்றவை. அவற்றுக்குத் தம்மளவில் எந்தச் சக்தியும் கிடையாது. அந்த எழுத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் வைக்கப்பட்டு, அதற்குள் செல்லவேண்டிய முகவரி தனியாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது இணைப்பு. செயலாளர் தம் வேர்ட் கோப்பைச் ‘சேமி’ வழியாக அல்லாமல், அச்சு வழியாக, ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.’ என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றியிருந்தார். அச்சுக்குப் போகும் பக்கத்தில் மை மட்டுமே போகும், செவ்வகங்கள் உதிர்ந்துவிடும். வேர்டிலேயே ‘வேறு வகையில் சேமி’ என்பதில் பி.டி.எஃப். வகையைத் தேர்ந்திருந்தால் அவை அப்படியே வந்திருக்கும்.

அப்படியானால் முழு முகவரி மட்டும் குரோமில் எப்படித் திறந்தது? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். குரோமும், அடோபியின் பி.டி.எஃப். மென்பொருளான அக்ரோபாட்டும், பக்கத்தில் இணைய முகவரி போலத் தெரியும் எழுத்தைக் கண்டால், செவ்வகம் இல்லாவிட்டாலும் தாமாகவே ஊகித்து இணைப்பாக்கிக் கொள்கின்றன. பயர்பாக்ஸுக்கு இந்த வழக்கம் 2025இல்தான் வந்தது. ‘இங்கே பதிவு செய்யவும்’ என்ற சொற்களிலோ ஊகிக்க ஒன்றுமில்லை. ஆகவே ஒரு பிரவுசரில் திறப்பதை வைத்து இணைப்பு நன்றாக இருப்பதாக முடிவு கட்டக்கூடாது. அது ஊகத்தின் தயவில் திறந்திருக்கலாம். முகவரி நீண்டு இரண்டு வரியாக மடங்கினால் அந்த ஊகமும் தடுமாறும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு எழுத்து மரபில் முக்காற்புள்ளிக்கு முன் ஓர் இடைவெளி விடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் மலரைச் சரிபார்த்தவர், மிகுந்த அக்கறையுடன், கோப்பு முழுவதிலும் ஒரே கட்டளையில் அந்த இடைவெளியைப் போட்டுவிட்டார். முகவரிகளின் தொடக்கத்தில், ‘எச்.டி.டி.பி.எஸ்’ என்பதற்கும் அதையடுத்த முக்காற்புள்ளிக்கும் நடுவிலும் அது நுழைந்தது. அச்சில் பார்த்தால் மயிரிழை அளவு வெற்றிடம். பிரவுசருக்கோ அது முகவரியே அல்ல. பதினொரு இணைப்புகள் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

கோப்புப் பெயர்களிலும் இதே கதைதான். பிரெஞ்சு எழுத்தின் மேலுள்ள குறியைச் சில கணினிகள் எழுத்தோடு சேர்த்து ஒன்றாகவும், சில எழுத்தையும் குறியையும் பிரித்து இரண்டாகவும் பதிகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள், இணையதளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சர்வருக்கு வேறு வேறு. தமிழ்ப் பெயர்களுக்கு வேறொரு விதி: பி.டி.எஃப். இணைப்புக்குள் இருக்கும் முகவரி வெறும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் குறிகளிலும் இருக்கவேண்டும் என்பதால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு; அது மட்டுமே 45 எழுத்து. தமிழ் விக்கிப்பீடியாப் பக்கங்களை மாணவர் குறிப்பேட்டில் இணைக்கும் ஆசிரியர்கள், அந்த நீளத்தைக் கண்டு மிரண்டு நடுவில் வெட்டிவிடுவதுண்டு. வெட்டினால் பக்கம் கிடைக்காது. அந்த நீள முகவரியைச் செவ்வகத்துக்குள் விட்டுவிட்டு, மேலே கட்டுரையின் பெயரைத் தமிழில் எழுதினால் போதும். சங்கத்தின் இணையதளத்தில் ஏற்றும் கோப்புகளுக்கு நான் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், சிறு கோடு தவிர வேறெதையும் அனுமதிப்பதில்லை. பேரெழுத்தையும் தவிர்க்கிறேன், விண்டோஸ் பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் வேறுபாடு பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும்.

இணைப்பு தம் கணினியில் உள்ள படிவத்தையே சுட்டும்படி செய்துவிட்டு, ஊரெல்லாம் அனுப்புகிறவர்களும் உண்டு. இணையத்திலிருந்து திறந்த பி.டி.எஃப்., பார்ப்பவரின் கணினிக்குள் இருக்கும் கோப்பைத் திறக்கப் பிரவுசர் பாதுகாப்புக் கருதி விடாது. பெரும்பாலும் எந்தச் செய்தியும் காட்டாமல் சும்மா இருந்துவிடும்.

எது கோளாறு என்று அறிய, குரோமிலோ பயர்பாக்ஸிலோ கோப்பைத் திறந்து, சுட்டியை இணைப்பின் மேல் நிறுத்திப் பாருங்கள். சுட்டி கை வடிவம் எடுக்கவில்லையானால் அங்கே செவ்வகமே இல்லை. கை வடிவம் வந்தால், இடது கீழ் மூலையில் தோன்றும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தவறு அங்கேயே தெரிந்துவிடும். முகவரி சரியாக இருந்தும் 404 (‘பக்கம் கிடைக்கவில்லை’) என்று வந்தால், கோப்பு நல்லது, போகவேண்டிய பக்கம் இடம் மாறியோ நீக்கப்பட்டோ இருக்கும். வங்கியின் பெயரை மேலே எழுதிவிட்டு வேறொரு முகவரியை உள்ளே ஒளித்து அனுப்பும் ஏமாற்றுக் கோப்புகளும் இதே மூலையில்தான் பிடிபடும் என்பதால், இணைப்பு நன்றாகத் திறக்கும் கோப்பிலும் இப்படிப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

செயலாளருடைய கோப்பை மறுபடி சேமிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பழைய கோப்பு ஏற்கெனவே பல கைபேசிகளுக்குப் போய்விட்டது; அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. பதிவுப் படிவத்தின் முகவரியைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கோயில் வாசலில் ஒட்டினோம். இப்போதெல்லாம் அவர் எந்தக் கோப்பையும் முதலில் மருமகளுக்கு அனுப்பி, அவள் பயர்பாக்ஸில் திறந்து பார்த்துச் சொன்ன பிறகே குழுவில் போடுகிறார்.