காலிபர்: அளவியா, இடுக்கியா?

பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களான நார்ட்டன் கமாண்டோவுக்கு 1972-இலும் டிரையம்ப் போன்வில்லுக்கு அடுத்த ஆண்டும் முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்தது. வட்டின் இருபுறமும் நின்று பிரேக் பேடுகளை அழுத்தும் பகுதிக்குப் பட்டறைப் பேச்சில் காலிபர் என்று பெயர். லாக்ஹீட் நிறுவனத்தின் பழைய காலிபரைப் புதுப்பிப்பவர்களும், அதற்கு மாற்றாக வேறு நிறுவனங்கள் செய்து வெளிச்சந்தையில் விற்பவற்றைத் தேடுபவர்களும் நாள்தோறும் புழங்கும் சொல் இது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, அளவி என்றா, இடுக்கி என்றா?

துளையின் விட்டத்தைக் குறிக்கும் ‘காலிபர்’ என்ற சொல்லும் இதுவும் ஆங்கிலத்தில் ஒரே வேரின. துப்பாக்கிக் குழலையும் குண்டையும் அளந்த கவைக் கருவிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு, இத்தாலியம் வழியே பின்னோக்கிப் போனால் அரபியில் ‘காலிப்’, அதாவது அச்சு. அதற்கும் முன்னால் செருப்புத் தைப்பவரின் மரக்கால் அச்சைக் குறித்த கிரேக்கச் சொல் இருந்தது என்பது பரவலான கருத்து. பிரேக் காலிபர் எதையும் அளப்பதில்லை. வட்டை இருகாலிட்டு நிற்கும் தோற்றத்தால் வந்த பெயர் அது.

அதனால் ‘அளவி’ இங்கே பொருந்தாது. வெர்னியர் அளவி என்று தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்வதை இலங்கைப் பாடநூல் வேணியர் இடுக்கிமானி என்கிறது. அந்த ‘மானி’யை விட்டால் சரியான சொல் கையில் இருக்கிறது: இடுக்கி. சூடான பாத்திரத்தை இறக்கும் கிடுக்கியும் அதுவே. இடுக்கு என்றால் நெருக்கிப் பிடிப்பது, குறுகிய சந்து இரண்டும். வட்டு சுழல்வதும் அப்படி ஒரு சந்தில்தான். ‘கவ்வி’ என்பாரும் உண்டு. ஆனால் கவ்வி பிடித்தபடியே நிற்கும் கிளாம்புக்குப் பொருந்தும். பிடித்து விடுவதே பிரேக்கின் வேலை என்பதால் பிரேக் இடுக்கி என்பதே நல்ல சொல்.

பழைய இடுக்கிகள் பழுதாவதும் பெரும்பாலும் இந்த ‘விடுவதில்’தான். நார்ட்டனின் இடுக்கியில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள். சதுர வெட்டு ரப்பர் சீல், இடுக்கிக் கூட்டின் துளைச் சுவரிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்து பிஸ்டனைத் தழுவும். அழுத்தத்தில் சற்றே முறுகி, லீவரை விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னிழுக்கும். பள்ளத்தில் பொருக்குக் கட்டினால் சீல் உள்நோக்கித் தள்ளப்பட்டுப் பிஸ்டன் இறுகும், வட்டு சூடேறும். ஆகவே துளைச் சுவரைத் தேய்ப்பதைவிட, பித்தளை அல்லது மரக் குச்சியால் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே முக்கியம். பிஸ்டனின் குரோம் பூச்சு, சீல் தொடும் இடத்தில் குழிந்திருந்தால் மெருகேற்றிப் பயனில்லை. துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டன் போடுங்கள்.

கழற்றும்போது காற்றழுத்தம் வேண்டாம், பிஸ்டன் குண்டுபோலப் பாயும். பிரேக் குழாயைக் கழற்றுவதற்கு முன்பே பேடுகளை எடுத்து, இடையில் மரத்துண்டு வைத்து லீவரைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பிஸ்டன்களைத் தள்ளலாம். ஒரு பிஸ்டன் முந்தினால் அதை ஜி கிளாம்பால் பிடித்துக்கொண்டு மற்றதை வெளியே கொண்டுவரலாம். நார்ட்டனில் ஒருபக்கத் துளையை மூடும் திருகுமூடியில் இரண்டு குழிகள் இருக்கும். அதற்குரிய இருமுனைச் சாவி இல்லாமல் உளி வைத்து அடித்தால் மூடி சிதையும். பழைய பேடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சீலுக்குப் பெட்ரோலோ கிரீஸோ ஆகாது, ஊதிப் பெருக்கும். புதிய பிரேக் திரவம் தடவி விரலாலேயே நேராக அழுத்துங்கள்.

வெளிச்சந்தைப் பாகங்களில் மறையில், அதாவது திருகுப் புரியில் கவனம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் பொருத்துகளில் காணும் 3/8 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு நுண்மறை) போல்ட்டின் விட்டம் 9.525 மி.மீ., மறை இடைவெளி 1.058 மி.மீ. எம்10x1 (10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி) மறைத் துளைக்குள் அது ஏறிவிடும், இறுக்கும்போது பிய்த்துக்கொள்ளும். போல்ட்டும் துளையும் ஒரே மறைதானா என்று அளந்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள்.

லீவர் அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் துளையை, நார்ட்டனில் 5/8 அங்குலத்திலிருந்து 13 மி.மீ.க்குக் குறுக்கி உட்குழாய் போடுவது பரவலான சீர்திருத்தம். அதே விரல் விசைக்கு அழுத்தம் ஏறக்குறைய 1.5 மடங்கு. லீவர் போகும் தூரமும் அவ்வளவே கூடும். இடுக்கியில் காற்றுக்குமிழியோ, உப்பிய பழைய ரப்பர் குழாயோ மிச்சமிருந்தால் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும். குழாயை எஃகுப் பின்னல் போட்டதாக மாற்றி, காற்றை வெளியேற்றும் திருகு இடுக்கியின் உச்சியில் இருக்கும்படி திருப்பிவைத்துக் காற்றெடுங்கள்.