நியூட்ராலிட்டி: நடுவுநிலைமையா, நொதுமலா?

வேறு இரண்டு நாடுகளின் போரில் எந்தப் பக்கமும் சேராத நாட்டைப் பற்றி நாளிதழ்கள் 'நடுநிலை வகிக்கிறது' என்று எழுதுகின்றன. பட்டிமன்றத் தலைவர் இரு அணிகளின் பேச்சையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னால் அவரும் 'நடுநிலையோடு' சொன்னார் என்கிறோம். இரண்டு இடத்திலும் சொல் ஒன்றுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிவந்தேன். 1817, 1818 ஆண்டுகளில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நடந்த ஒரு விவாதத்தைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் காலை வாரிவிட்டது. ஸ்பெயினை எதிர்த்து அதன் தென்னமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்திருந்தன. அமெரிக்கா என்ன செய்யவேண்டும் என்பதுதான் கேள்வி. 'நடுநிலை வேண்டும்' என்றார்கள் ஒரு சாரார். அவர்களை எதிர்த்துப் பேசியவர்களும் 'நடுநிலை வேண்டும்' என்றே சொன்னார்கள்! அப்புறம் எதற்குச் சண்டை? அதைத் தேடிப் போனபோது தமிழில் இதற்கு ஒன்றல்ல, இரண்டு சொற்கள் வேண்டும் என்பது தெரிந்தது. இரண்டுமே நம்மிடம் பழங்காலத்திலிருந்து இருக்கின்றன.

முதலில் நாம் 'நடுநிலை' என்று மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல், நியூட்ராலிட்டி. வேர் லத்தீன் மொழியின் 'நெஉட்டெர்'. 'நெ' என்றால் இல்லை. 'உட்டெர்' என்றால் இரண்டில் ஒன்று. சேர்த்தால், இரண்டில் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. ஆண்பாலிலும் பெண்பாலிலும் சேராத பெயர்ச்சொற்களுக்கு லத்தீன் இலக்கணக்காரர்கள் வைத்த பெயரும் இதுதான். நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் இல்லாத அணுத்துகளுக்கு நியூட்ரான் என்ற பெயர் வந்ததும் இந்த வழியில்தான். கவனித்துப் பாருங்கள், இந்த வேரில் 'நடு' என்ற பொருளே கிடையாது. நியாயம், நேர்மை, தீர்ப்பு எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் மறுப்பு மட்டுமே.

நம்முடைய 'நடுவுநிலைமை' வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் உயிரே 'நடு'வில்தான் இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை 'நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்' என்கிறது. நுகம் என்பது இரண்டு மாடுகளின் கழுத்திலும் குறுக்கே கிடக்கும் நீண்ட தடி. அதன் சரிநடுவில் அடித்திருக்கும் ஆணி பகலாணி. ஆணி ஒரு விரல் தள்ளி இருந்தாலும் போதும், ஒரு மாட்டின் மேல் பாரம் கூடிவிடும். அந்த ஆணி இரண்டு மாடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்து நிற்கிறது. வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்தவர்கள் என்று அந்த வணிகர்களைப் பற்றிப் பாட்டு தொடர்கிறது. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்ற குறளும் இதைத்தான் சொல்கிறது. துலாக்கோல் பொருளை ஏற்றுக்கொண்டு எடை பார்க்கவேண்டும், எடை பார்க்கும்போது சாயக் கூடாது. நடுவர் என்ற சொல்லும் இங்கே பிறந்ததுதான்.

சரி, 'இரண்டிலும் சேராதது' என்பதற்குத் தமிழில் என்ன சொல்? நொதுமல். நட்பும் இல்லாத, பகையும் இல்லாத அயல்தன்மை. அப்படிப்பட்டவர் நொதுமலர். தலைவிக்கு முன்பின் உறவில்லாதவர்கள் பெண் கேட்டு வருவதை அகப்பாடல் மரபு 'நொதுமலர் வரைவு' என்று குறிக்கும். இந்தச் சொல்லைச் சட்டப் பொருளுக்குத் தேர்ந்துகொள்ள என்னைத் தூண்டியது பரிமேலழகர் உரைதான். நடுவுநிலைமை அதிகாரத்தின் முதல் குறளில் 'பகுதியால்' என்று வருகிறது அல்லவா? அதற்கு அவர், பகை, நொதுமல், நண்பு என்னும் பகுதிதோறும் முறைமை விடாமல் ஒழுகுதல் என்று பொருள் சொல்கிறார். இங்கே வேறுபாடு பளிச்சென்று விழுகிறது. நொதுமல் என்பது ஓர் உறவுநிலை. பகை ஒன்று, நட்பு ஒன்று, இது மூன்றாவது. அந்த மூன்று வகையாரிடமும் ஒரே நேர்மையோடு நடப்பதுதான் நடுவுநிலைமை. இரண்டையும் ஒரு சொல்லில் அடைத்தது நாம்தான், இடைக்காலத்து உரையாசிரியர் அல்ல.

போகிற போக்கில் ஒன்று. அர்த்தசாஸ்திரமும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. மத்யம (நடு) அரசன் ஒருவன், உதாசீன அரசன் இன்னொருவன். உதாசீனன் என்றால் விலகி உட்கார்ந்திருப்பவன். அதே சொல் தமிழுக்கு வந்து 'உதாசீனப்படுத்தினார்' என்று அவமதிப்பின் பொருளைப் பிடித்துக்கொண்டது. விலகி இருப்பவனை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் பொருள் மாற்றம் ஒரு தடயம் என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பியச் சட்ட அறிஞர்களிடமும் இதே பிளவு உண்டு. 1625-இல் போர், அமைதி பற்றிய சட்டங்களைத் தொகுத்த ஹியூகோ குரோஷியஸ், சேராதவர்களை 'போரில் நடுவில் இருப்பவர்கள்' என்று அழைத்தார். அநியாயத்துக்காகப் போரிடுபவனின் கை ஓங்கும்படி அவர்கள் எதுவும் செய்யக்கூடாது என்றார். அதாவது நடுவில் இருப்பவன் யார் பக்கம் நியாயம் என்று எடை போடவேண்டும். நூறு ஆண்டு கழித்து, 1737-இல் எழுதிய டச்சு நீதிபதி பைங்கர்ஷூக் அதை ஏற்கவில்லை. யாருக்கும் பகையல்லாதவர், எந்தத் தரப்பையும் சேராதவர் என்பதே அவர் தந்த இலக்கணம். போரின் நியாயத்தைத் தீர்ப்பது அவர்கள் வேலையில்லை என்றார். குரோஷியஸ் சொன்னது நம் நடுவுநிலைமைக்குப் பக்கத்தில் வருகிறது. பைங்கர்ஷூக் சொன்னது நொதுமல். பிற்காலச் சட்டம் பெரும்பாலும் இரண்டாமவர் வழியிலேயே போனது.

இனி அமெரிக்க விவாதத்துக்கு வரலாம்.

பிரான்சும் பிரிட்டனும் மோதிக்கொண்டிருந்த 1793-இல், ஜார்ஜ் வாஷிங்டன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'நடுநிலை அறிவிப்பு' என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும் அந்த ஆவணத்தில் நியூட்ராலிட்டி என்ற சொல்லே இல்லை. 'நட்போடும் ஒருபக்கம் சாயாமலும்' நடப்போம் என்றுதான் இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், அமெரிக்காவுடன் அமைதியாக உள்ள அயல்நாட்டு 'அரசர் அல்லது அரசு' எதற்கும் எதிராக அமெரிக்கத் துறைமுகங்களில் போர்க்கப்பல் ஆயத்தம் செய்வதைக் குற்றமாக்கியது. கப்பல் போரிடுவது ஓர் 'அரசர் அல்லது அரசு' சார்பில் என்றிருந்தால்தான் குற்றம். அரசோடு அரசு மோதும் போரை மனத்தில் வைத்து எழுதிய சொற்கள் அவை.

தென்னமெரிக்கா கிளர்ந்தபோது அந்தச் சொற்களில் ஓட்டை தெரிந்தது. இன்றைய அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் தலைமையிலான மாகாணங்கள் 1816 ஜூலை 9 அன்று துக்குமான் நகரில் விடுதலை அறிவித்தன. ஆனால் எந்த வல்லரசும் அவற்றை அரசு என்று ஏற்கவில்லை. அப்படியானால் கிளர்ச்சி மாகாணங்களின் கொடியில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு ஸ்பானிய, போர்ச்சுகீசியக் கப்பல்களைப் பிடிக்கும் தனியார் போர்க்கப்பல்களை எந்தச் சட்டத்தில் தடுப்பது? போர்ச்சுகல் தூதர் முறையிட்டார். ஸ்பானியத் தூதர் லூயிஸ் தெ ஓனிஸ் இடைவிடாமல் முறையிட்டார். 1816 டிசம்பர் 26 அன்று குடியரசுத் தலைவர் மேடிசன் சட்டத்தை இறுக்கும்படி கேட்டுச் செய்தி அனுப்பினார். 1817 மார்ச் 3 அன்று வந்த சட்டத்தில் 'அரசர் அல்லது அரசு' என்பதற்குப் பின்னால் மூன்று சொற்கள் கூடின: குடியேற்றம், வட்டாரம், மக்கள்.

அந்த மூன்று சொற்களுக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. விடுதலை கேட்டுப் போராடும் ஒரு மக்கள்கூட்டத்தை அரசு என்று ஏற்காமலே, போர் செய்யும் ஒரு தரப்பு என்று சட்டம் கண்டுகொண்டது. கண்டுகொண்டது அவர்களுக்கு உரிமை தருவதற்காக அல்ல, அவர்கள் சார்பில் கப்பல் ஆயத்தம் செய்பவர்களைத் தண்டிப்பதற்காக.

சபைத் தலைவர் ஹென்றி கிளே இதை எதிர்த்தார். இந்த மசோதா பார்வைக்கு இருபக்கத்துக்கும் பொது, நடைமுறையில் ஸ்பெயினுக்கே உதவி என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அதில் உண்மை இருந்தது. ஸ்பெயினுக்குச் சொந்தக் கடற்படை உண்டு, கியூபாவில் துறைமுகங்கள் உண்டு. பால்டிமோரில் கப்பல் கட்ட வேண்டிய தேவை கிளர்ச்சிக்காரர்களுக்குத்தான் இருந்தது. இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பால்டிமோர் கப்பல்களில் பல விடுதலையைவிடக் கொள்ளையையே நாடின. அந்நியக் கொடி ஒன்றை ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவோடு எந்தப் பகையும் இல்லாத நாட்டின் சரக்கைப் பிடித்து அமெரிக்கச் சந்தையில் விற்பதை எந்த அரசு பொறுத்துக்கொள்ளும்? 1818 ஏப்ரல் 20 அன்று முந்தைய சட்டங்களை ஒன்றாக்கிப் புதிய சட்டம் வந்தது. போர்க்கப்பல் ஆயத்தம் செய்தால் 10,000 டாலர் வரை தண்டம், 3 ஆண்டு வரை சிறை.

அதற்குச் சில வாரம் முன்பு, மார்ச் 24 அன்று, கிளே பேசிய பேச்சுதான் எனக்குச் சொல் பிரச்சினையைக் கொண்டுவந்தது. சபை முழுக்குழுவாக அமரும்போது தலைவர் தன் நாற்காலியை விட்டு இறங்கிப் பேசலாம், கிளே இறங்கினார். புவெனஸ் அயர்ஸுக்கு ஒரு தூதரை அனுப்ப 18,000 டாலர் ஒதுக்கவேண்டும் என்பது அவர் தீர்மானம். போரில் சேரச் சொல்லவில்லை, ஆயுதம் கேட்கவில்லை. ஸ்பெயின் அரசருக்கு வாஷிங்டனில் தூதர் இருக்கிறார், அவர் சொல்வதை அரசு கேட்கிறது. அப்படியானால் கிளர்ந்தெழுந்த குடியரசுத் தரப்பையும் கேட்கவேண்டும், இல்லையென்றால் அவர்கள் துணைக்கு யாருமில்லாமல் ஒருதலையாக விசாரிக்கப்படுபவர்கள் ஆகிவிடுவார்கள் என்று வாதாடினார். புவெனஸ் அயர்ஸின் முகவர் மானுவல் அகீரே அப்போது அமெரிக்காவில்தான் இருந்தார், தூதர் என்ற தகுதி இல்லாமல். கப்பல் கட்ட வந்த அவரை அதே ஆண்டு நியூயார்க்கில் இந்தச் சட்டத்தின்படியே கைது செய்து, பிறகு விட்டார்கள்.

ஜார்ஜியாவின் ஜான் ஃபோர்சைத் தலைமையில் மறுதரப்பு பதில் சொன்னது. ஸ்பெயினின் கையிலிருக்கும் ஃபுளோரிடா பற்றி அதனோடு பேச்சு நடக்கிறது, தென்னமெரிக்க நிலவரம் பார்க்க அனுப்பிய ஆணையர்கள் இன்னும் திரும்பவில்லை, ஒரு நாட்டை ஏற்பது குடியரசுத் தலைவரின் வேலை, இப்போது விலகி நிற்பதே சரி. வாக்கெடுப்பில் கிளேவுக்கு 45, எதிராக 115.

இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள். ஃபோர்சைத் கேட்டது நொதுமல்: இரண்டு பக்கமும் சேராமல் விலகி நிற்பது. கிளே கேட்டது நடுவுநிலைமை: இரண்டு பக்கத்தையும் கேட்பது, ஒரு பக்கத்துக்கு மட்டும் வாசலைத் திறந்து வைக்காமல் இருப்பது. 'இருவரும் நடுநிலை கேட்டார்கள்' என்று எழுதினால் விவாதமே காணாமல் போய்விடுகிறது.

மறு ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் இதே ஓட்டை, இதே விவாதம். பழைய சட்டங்கள் அந்நிய 'அரசருக்கும் அரசுக்கும்' படைவீரராகப் போவதைத் தடுத்தன. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய தென்னமெரிக்கத் தலைவர் பொலிவாரின் படையில் சேர ஆயிரக்கணக்கில் கப்பலேறியவர்களை அவை தொடவில்லை. 1819-இல் அயல்படைச் சேர்க்கைச் சட்டம் கொண்டுவந்து அதை அடைத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜேம்ஸ் மெக்கின்டாஷ் கடுமையாக எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது.

நொதுமல் பழகாத சொல், கரடுமுரடாக இருக்கிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறிவியல் தமிழில் நியூட்ரானை 'நொதுமி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'நடுமி' என்று எழுதாமல் லத்தீன் வேரின் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அமிலமும் காரமும் சேர்ந்து சமன்படுவது 'நடுநிலையாக்கல்', அங்கே நடு பொருந்துகிறது, அப்படியே இருக்கட்டும். பட்டிமன்ற நடுவர், நீதிபதி, சபாநாயகர் ஆகியோரிடம் எதிர்பார்ப்பது நடுவுநிலைமை. போரில் சேராத நாட்டின் சட்டநிலைக்கு நொதுமல் நிலை, நொதுமல் நாடு, நொதுமல் சட்டம். நேருவின் காலத்திலிருந்து நாம் சொல்லிவரும் 'அணிசேராமை' இவை இரண்டிலும் சேராது. அது அமைதிக் காலத்திலும் கூட்டணிகளுக்கு வெளியே நிற்கும் கொள்கை.

இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். அதில் ஒரு குளிர் இருக்கிறது, நியூட்ராலிட்டியின் எதிரே நின்றவர்கள் உணர்ந்த குளிர். குறுந்தொகையின் பன்னிரண்டாம் பாட்டில், தலைவன் போன வழியை நினைத்துத் தலைவி தவிக்கிறாள். எறும்புப் புற்றுகள்போல் சின்னச் சின்னச் சுனைகள், உலைக்கல்போல் கொதிக்கும் பாறை, அதன் மேலேறி அம்பு தீட்டும் எயினர், பிரிந்து பிரிந்து செல்லும் கிளைவழிகள். இதற்கெல்லாம் கவலைப்படாமல் 'நொதுமல் கழறும் இவ்வழுங்கல் ஊரே' என்கிறாள். ஊர் அவளுக்குப் பகையில்லை. பக்கத்தில் நின்று, அயலாரைப்போலப் பேசுகிறது. தூதர் என்ற தகுதியில்லாமல் வாஷிங்டனில் காத்திருந்த அகீரேவை நினைக்கும்போதெல்லாம் இந்த வரி எனக்கு நினைவு வருகிறது.

1819-இல் ஃபுளோரிடா ஒப்பந்தம் கையெழுத்தாகி 1821-இல் உறுதியான பிறகு, 1822 மார்ச்சில் குடியரசுத் தலைவர் மன்றோ தென்னமெரிக்க நாடுகளை ஏற்கச் சொல்லிக் கேட்டார். சபை 167-க்கு 1 என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 1817-இல் சேர்த்த சொற்கள் போகவில்லை. இன்றும் அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தில், அமைதியாக உள்ள அயல்நாட்டின் மேல் படையெடுக்க ஆயத்தம் செய்வதைத் தடுக்கும் பிரிவில் அவை வரிசையாக நிற்கின்றன: அரசர் அல்லது அரசு, குடியேற்றம், வட்டாரம், மக்கள்.