மின்சாரம் போனால் எந்த வரிசையில் திரும்பி வரும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் மின்சாரம் எப்படித் திரும்பி வருகிறது என்பதைப் பலர் கேட்கவேயில்லை.

முழுக் கட்டமைப்பும் விழுந்துவிட்டால், மின்நிலையத்தை இயக்கவே மின்சாரம் தேவை. அதனால் சிறிதளவு மின்சாரத்தில் சுழலத் தொடங்கும் நீர்மின் நிலையங்களை முதலில் எழுப்புவார்கள். அங்கிருந்து 220, 132 கிலோவோல்ட் பெருங்கம்பிகளுக்கு உயிர் கொடுத்து, ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். எல்லாரையும் ஒரேயடியாகச் சேர்த்தால் சுமை தாங்காமல் மறுபடியும் விழும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் திரும்ப நாட்கள் எடுக்கும். அந்தப் பெப்ரவரியில் மின்சாரம் வந்த பிறகும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது அதனால்தான்.

புயலில் கோபுரம் சாய்ந்தால் வேறு கதை. புதுக் கோபுரத்துக்கு அத்திவாரம் போட்டு எழுப்ப வாரக்கணக்காகும். அதுவரை, துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பொருத்தும் இலேசான அலுமினியக் கோபுரங்களை இழுகம்பிகளால் நிறுத்தி, கம்பியை அதில் ஏற்றிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

பெருங்கம்பி முதலில், உப மின்நிலையம் அடுத்து, பிறகு தெரு ட்ரான்ஸ்போமர், கடைசியில் உங்கள் வீட்டுக் கம்பம். ஆயிரம் வீட்டுப் பழுதைவிட ஒரு வீட்டுப் பழுது பின்னுக்குத்தான் போகும். எரிச்சலாக இருந்தாலும் நியாயம். கொழும்பு நகரில் இன்னொரு தலைவலி: இங்கே பல இடங்களில் கேபிள் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. காற்றுக்கு அறுந்து விழாது, ஆனால் பழுதானால் இடத்தைத் தேடிப் பிடித்து வீதியைத் தோண்ட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருந்தால் முதலில் உங்கள் ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள். இல்லாவிட்டால், கொழும்பு நகரத்தார் 1987ஐ அழையுங்கள். நுகேகொடை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை, மொறட்டுவைப் பக்கம் மின்சாரம் கொடுப்பது பெரும்பாலும் லெகோ (லங்கா மின்சாரக் கம்பனி): 1910. மின்பட்டியலில் உள்ள கணக்கு இலக்கத்தைச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். வீட்டில் ஒட்சிசன் இயந்திரத்தில் நோயாளி இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அறுந்த கம்பியை, செத்துப்போன கம்பி என்று நினைத்தாலும், தொடாதீர்கள். வெளிக் கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுக்கவும் வேண்டாம். அந்த மின்சாரம் வெளியே பாய்ந்து கம்பத்தில் இருக்கும் தொழிலாளியைக் கொல்லும்.

அழைத்தும் பலனில்லை என்றால் பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம்: அரச நிறுவன அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொழும்பிலும் தருகிறது. அதற்கும் தீர்வு வராவிட்டால் மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போகலாம். முன்பு கொடுத்த கடிதத்தின் பிரதியையும் முறைப்பாட்டு இலக்கங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.